சைக்கிள் கொடுத்தோம், சாலை கொடுத்தோமா?



போன வாரம் நான் போட்ட சின்னப் பதிவுக்கு நிறையப் பேர் கருத்து எழுதியிருந்தீர்கள். அக்கறையோடு விசாரித்தவர்களுக்கு நன்றி. ஆனால் பாதிக்கு மேல் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் கண்ணும் விரலும் ஒத்துழைக்காது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். நீளமான பதிவுதான். என்னிடம் முக்கால் மணி நேர வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நீங்கள், இப்போது ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் துணி தேய்க்கும் குடும்பத்துப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். பெயர் வேண்டாம். பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியில்தான் தினமும் போய் வருவாள். போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து. மூன்று வாரம் முன்பு மாலையில் வீட்டுக்கு வரும்போது, சாலையோரம் நின்றிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. அவள் வலப்பக்கம் ஒடித்தாள். பின்னால் வந்த பைக் தட்டிவிட்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கார்க்காரர் இறங்கி, "பார்த்து வரக் கூடாதா பாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனால் அவள் அப்பா சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். நேரடி டவுன் பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் கொடுக்க அந்த வீட்டில் காசும் கிடையாது. "மீதிப் படிப்பை எப்படி முடிப்பாளோ தெரியலை டீச்சர்" என்றாள் அவள் அம்மா. நான் எழுதியது ஒரு மணிக்கட்டைப் பற்றி மட்டும் இல்லை, ஒரு பெண்ணின் படிப்பைப் பற்றியும்தான்.

அதற்கு நீங்கள் எழுதிய பதில்களை நான்காகப் பிரிக்கலாம். "பார்த்து ஓட்ட வேண்டாமா?" "ஹெல்மெட் போட்டாளா?" "மெயின் ரோட்டில் சைக்கிளை ஏன் விடுகிறார்கள்?" "இந்தக் காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?" ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில், பார்த்து ஓட்ட வேண்டாமா என்ற கேள்வி.

வேண்டும். யார் இல்லை என்றது? எதிர்த்திசையில் வரக் கூடாது, செல்போன் பார்க்கக் கூடாது, இருட்டில் பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லாமல் போகக் கூடாது. இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லுவேன். ஆனால் இந்தப் பெண் இதில் எதையும் செய்யவில்லை. இடது ஓரமாக, நேராகப் போனாள். நாம் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே, "ஓரமாப் போ" என்று? அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் நடந்து பாருங்கள். தில்லைநகரோ தென்னூரோ உறையூரோ, எங்கே வேண்டுமானாலும் நடங்கள். நிறுத்தி வைத்த கார், கொட்டி வைத்த ஜல்லி, சாலை மட்டத்துக்கு நாலு விரல் கீழே இறங்கிய பாதாளச் சாக்கடை மூடி, சைக்கிள் சக்கரம் அப்படியே உள்ளே போகிற மாதிரி நீளவாக்கில் கம்பி வைத்த மழைநீர் வடிகால் மூடி. கார்க் கதவை முழுசாகத் திறந்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே வரும். அப்படியானால் நின்ற காரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் சைக்கிள் போக வேண்டும். தள்ளிப் போனால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிறார், "நடு ரோட்ல போறியே" என்று திட்டுகிறார். ஓரமாய்ப் போனால் கதவு, நடுவில் போனால் பஸ். அந்தப் பிள்ளை எங்கேதான் போவது?

இப்போது ஒரு கணக்கு. பழைய பழக்கம், விடாது.

நீங்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். அதாவது நொடிக்கு 8.3 மீட்டர். முன்னால் ஒரு சைக்கிள் ஒடிக்கிறது. உங்கள் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகும். அதற்குள் 8 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக், காய்ந்த தார்ச்சாலை என்றால் இன்னும் 5 மீட்டரில் வண்டி நின்றுவிடும். மொத்தம் சுமார் 13 மீட்டர்.

இதே 60 கிலோமீட்டர் வேகம் என்றால்? அந்த ஒரு நொடியிலேயே கிட்டத்தட்ட 17 மீட்டர் போயாகிவிட்டது. அதன் பிறகு நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 36 மீட்டருக்கு மேல். நன்றாகக் கவனியுங்கள். 30-ல் வந்தவர் வண்டி முழுசாக நின்றுவிட்ட இடத்தை, 60-ல் வந்தவர் பிரேக்கை மிதிக்கும் முன்பே தாண்டியிருப்பார். சைக்கிள் 15 மீட்டர் தூரத்தில் ஒடித்தால், ஒருவர் நின்று கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போவார், இன்னொருவர் முழு வேகத்தில் மோதுவார். இரண்டு பேரும் ஒரே மாதிரி "பார்த்துத்தான்" ஓட்டினார்கள்.

மோதலின் பலமும் இரண்டு மடங்கு இல்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதம் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. 30-ல் மோதுவது முதல் மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 60 என்றால் 14 மீட்டர், நாலு மாடி உயரம். முதல் மாடியிலிருந்து விழுந்தவர் பெரும்பாலும் பிழைப்பார். நாலாவது மாடியிலிருந்து?

அதனால்தான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வண்டிகளோடு கலந்து போகும் இடங்களில் வேக வரம்பு 30-க்கு மேல் போகக் கூடாது என்றது. "என் நேரம் வீணாகுமே" என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு கிலோமீட்டரை 50-ல் கடக்க 72 நொடி. 30-ல் கடக்க 120 நொடி. வித்தியாசம் 48 நொடி. பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரே ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு நிமிடம்கூட இல்லை. டீக்கடையில் சில்லறைக்கு நிற்கிற நேரம்.

அடுத்து, ஹெல்மெட்.

போடட்டும், நல்லதுதான். தானாகக் கீழே விழுந்தால் தலை தப்பும். ஆனால் பஸ்ஸுக்கும் லாரிக்கும் எதிராக அந்தத் தெர்மோகோல் தொப்பி என்ன செய்யும்? நெதர்லாந்தில் பெரும்பாலானவர்கள் ஹெல்மெட் இல்லாமல்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவர்களைக் காப்பாற்றுவது தலையில் இருப்பது இல்லை, தரையில் இருப்பது. அடிபட்ட ஒவ்வொரு பிள்ளையிடமும் நாம் முதலில் கேட்பது ஹெல்மெட்டைப் பற்றித்தான். கதவைத் திறந்தவரிடம் யாராவது ஏதாவது கேட்டோமா?

நெதர்லாந்து என்றதும், "அவங்க நாடு வேற, அங்கே பிறக்கும்போதே சைக்கிளோடு பிறப்பாங்க" என்று எழுதத் தயாராகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். அப்போது அங்கேயும் காருக்காகத்தான் சாலையை அகலப்படுத்திக் கொண்டிருந்தார்கள். பெற்றோர்கள் பொறுக்கவில்லை. 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே பெயர் வைத்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பிள்ளைகளோடு தெருவில் இறங்கினார்கள், சாலையை மறித்தார்கள். 1973-ல் பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அரசாங்கம் இறங்கி வந்தது. அதன்பிறகு கட்டியவைதான் இன்று நாம் படத்தில் பார்த்து வியக்கிற சைக்கிள் பாதைகள். இன்று அங்கே ஆண்டுக்குச் சாலையில் இறப்பவர்கள் 700 பேர் அளவில்தான். அது சும்மா கிடைக்கவில்லை, கேட்டுப் போராடி வாங்கினார்கள்.

"நம்ம வெயிலுக்கு ஆகாது" என்பார்கள் சிலர். ஸ்பெயினில் செவில்லே என்று ஓர் ஊர். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே 2006-ஐ ஒட்டிச் சுமார் 80 கிலோமீட்டர் சைக்கிள் பாதையைத் துண்டு துண்டாக இல்லாமல் ஒன்றோடொன்று சேரும்படி மளமளவென்று போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே சைக்கிளில் போகிறவர்கள் பல மடங்கு பெருகினார்கள். பாதுகாப்பான பாதை இருந்தால் மக்கள் வெயிலிலும் ஓட்டுகிறார்கள். இல்லாவிட்டால் மார்கழிக் குளிரிலும் ஓட்ட மாட்டார்கள்.

மூன்றாவது, மெயின் ரோட்டில் ஏன் விடுகிறார்கள் என்ற கேள்வி.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. விட்டது யார் தெரியுமா? நாம்தான். நம் மாநில அரசு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிளஸ் ஒன்னில் சைக்கிள் கொடுக்கிறது. எந்தக் கட்சி வந்தாலும் நிறுத்தாத திட்டம். நல்ல திட்டம். அதனால் படிப்பைத் தொடர்ந்த பெண் பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் சைக்கிளை வரிசையாக நிறுத்தி, விழா வைத்து, படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளி வாசல் கதவைத் திறந்து விட்டால், அந்தப் பிள்ளை நேராகப் போய்ச் சேருவது மெயின் ரோட்டில்தான். வேறு வழி இருக்கிறதா? சைக்கிள் வாங்க ஒரு துறை, சாலை போட இன்னொரு துறை. இரண்டும் ஒன்றோடொன்று பேசியதாகத் தெரியவில்லை. நீச்சல் உடையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, கிணற்றுக்குப் படி கட்டாமல் விட்ட கதை இது.

விதி இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. சைக்கிள் பாதை எப்படி அமைக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.ஆர்.சி. 1962-லேயே வழிகாட்டி வெளியிட்டது. 2015-ல் அதைத் திருத்தியும் தந்தது. 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவது இல்லை, மனிதர்களை நகர்த்துவதுதான் நோக்கம் என்றது. சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றே தனிக் கொள்கை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்குச் செலவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. சாலையில் வெள்ளைக் கோடுகூட இல்லை.

விளைவு என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884. இதில் நாம் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். படிப்பில் முதலிடம் என்று மார் தட்டுகிற நாம் இதற்கு என்ன சொல்லப் போகிறோம்?

நான்காவது, யார் ஓட்டுகிறார்கள் என்ற கேள்வி.

நீங்கள் ஓட்டவில்லை. அதனால் யாரும் ஓட்டவில்லை என்று நினைக்கிறீர்கள். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து வாசலில் நில்லுங்கள். பேப்பர் போடும் பையன் போவான். அடுத்து பால் பாக்கெட் போடுகிறவர், டீ கேனைப் பின்னால் கட்டியவர், டிபன் டப்பாவை மாட்டிய கொத்தனார், ஏ.டி.எம். வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பும் காவலாளி. எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சைக்கிள் இருந்த குடும்பங்கள் சுமார் 45 சதவீதம். கார் இருந்தவை 5 சதவீதம்கூட இல்லை. அதன் பிறகு கார் கூடியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சாலையை யாருக்காக அகலப்படுத்தினோம், ஓரத்தை யார் வண்டி நிறுத்தக் கொடுத்தோம் என்று யோசியுங்கள். "இடம் இல்லை டீச்சர்" என்கிறீர்கள். நாள் முழுக்க ஒரு கார் சும்மா நிற்க இடம் இருக்கிறது, ஒரு பிள்ளை ஓடிப் போக மட்டும் இடம் இல்லையா?

இதில் எனக்குச் சொந்த உரிமை ஒன்று இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் அங்கே இளம் ஆசிரியை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு, பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?" என்று கேலி பேசினார்கள், கெட்ட பேச்சும் பேசினார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. முன்னால் ஒரு குடம், பின்னால் பிள்ளை என்று போனார்கள். சந்தைக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக யார் கையையும் எதிர்பார்க்கத் தேவை இல்லாமல் போனது. பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதி உலகம் முழுக்கப் படித்தார்கள்.

அன்று அவர்களைத் தடுத்தது ஊர் வாய். அதைச் சிரித்தே ஜெயித்தார்கள். இன்று அவர்களின் பேத்திகளைத் தடுப்பது சாலை. அதைத் துணிச்சலால் மட்டும் ஜெயிக்க முடியாது. பஸ்ஸின் இடப்பக்க மறைவிடத்தில் மாட்டிய பிள்ளைக்குத் துணிச்சல் எந்த வகையிலும் உதவாது. அதைப் பெரியவர்கள் கட்டித்தான் கொடுக்க வேண்டும்.

"மனு கொடுத்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்காதீர்கள். கோயம்புத்தூரில் டாக்டர் எஸ். ராஜசேகரன் என்ற எலும்பு மருத்துவர், தினமும் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பொறுக்காமல் 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் வழக்கால்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. ஒரு மனிதர், ஒரு மனு.

எங்கள் மனு அவ்வளவு பெரியது இல்லை. நான்கே கோரிக்கைகள்.

1. பள்ளி வாசலின் இரண்டு பக்கமும் 500 மீட்டருக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு. போர்டு மட்டும் போதாது. பிள்ளைகள் கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாகக் கட்ட வேண்டும். போர்டைப் பார்க்காத வண்டியும் மேட்டுக்கு நிதானிக்கும்.

2. காலை 8 முதல் 9.30 வரையும், மாலை 3.30 முதல் 5.30 வரையும் அந்தச் சாலையின் இடது ஓரத்தில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது.

3. வடிகால் மூடிக் கம்பிகளைக் குறுக்குவாட்டில் மாற்ற வேண்டும். பாதாளச் சாக்கடை மூடிகளைச் சாலை மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். இதற்குப் பெரிய செலவே இல்லை.

4. சோதனைக்காக ஒரே ஒரு சாலையில், இரண்டு மீட்டர் அகலத்தில், தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை. வெறும் பெயின்ட் கோடு வேண்டாம், மறுநாளே அதன் மேல் கார் நிற்கும். ஒரு வருடம் பார்க்கட்டும். பயன் இல்லை என்றால் எடுத்துவிடட்டும்.

இனி உங்களிடம் கேட்பது. நெடுஞ்சாலைத் துறையிலும் மாநகராட்சியிலும் வேலை பார்க்கிற என் பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பீர்கள். அடுத்த சாலை வரைபடம் உங்கள் மேஜைக்கு வரும்போது, "சைக்கிள் எங்கே போகும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். டிராஃபிக்கில் இருக்கிறவர்கள் ஹெல்மெட் பிடிக்கிற நேரத்தில் கொஞ்சம் சாலையோரக் காரையும் பிடியுங்கள். பஸ் ஓட்டுகிற தம்பிகள், இடப்பக்கம் திரும்பும் முன் அந்தப் பக்கக் கண்ணாடியை இன்னொரு தடவை பாருங்கள். ஸ்கூல் வேன் வைத்திருக்கிறவர்களே, உங்கள் வேனுக்குள் இருப்பது மட்டும் பிள்ளை இல்லை.

கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். ஓட்டுநர் பக்கக் கதவை இனி வலது கையால் திறக்காதீர்கள். இடது கையை நீட்டித் திறந்து பழகுங்கள். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். ஒரு ரூபாய் செலவில்லை. நெதர்லாந்தில் இதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். என் மருமகனுக்குச் சொல்லி ஒரு வாரத்தில் பழகிவிட்டார். அவருக்கே வந்துவிட்டது என்றால் உங்களுக்கும் வரும்.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை பத்து மணிக்கு வாசலில் இருப்பேன். அந்தப் பெண்ணின் அம்மாவும் வருகிறாள். திருச்சியில் இருக்கிறவர்கள் நேரில் வாருங்கள். முடிந்தால் சைக்கிளில் வாருங்கள், அப்போது தெரியும் நான் என்ன சொல்கிறேன் என்று. வெளியூரில் இருக்கிறவர்கள் உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் ஒருநாள் மாலை நாலு மணிக்குப் போய் நின்று பாருங்கள். பார்த்ததை உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் எழுந்து பேசுங்கள்.

வகுப்பில் தப்பு செய்தவனை விட்டுவிட்டு அடி வாங்கினவனைத் திட்டினால், "டீச்சர், அநியாயம்" என்று நீங்களே எழுந்து நிற்பீர்கள். அந்தப் பிள்ளைகள் எங்கே போய்விட்டீர்கள்? கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் டீச்சர்

பி.கு.: "அருமை டீச்சர்", "சூப்பர் அத்தை" என்ற கருத்துகளும் கும்பிடும் பொம்மைகளும் இந்தத் தடவை வேண்டாம். மனுவில் பெயர் சேர்க்கச் சம்மதம் என்றால் பெயரையும் வார்டு எண்ணையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவேன். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு, வழக்கம்போல, வகுப்புக்கு வெளியேதான்.